எலியாவின் வயிற்றில் உண்டை

பாறசாலை,
6-3-1955, ஞாயிறு.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ஞானசிகாமணி அவர்களுக்கு,

உங்கள் தங்கை லீலாபாயின் புருஷனும், பாறசாலைச் சந்தைமுக்கில் தையல் மெஷின் மிதிக்கிறவனுமாகிய எலியா, நெல்லுப்பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுவது. உட்கார்ந்தால் குத்துகிறது. எது குத்துகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஆகஸ்டில் எனக்கு வயிற்றில் ஆப்பரேஷன் ஆனது என்று லீலாபாய் உங்களுக்கு எழுதினாள். எதற்காக என்று எழுதியிருக்க மாட்டாள். எழுதக்கூடாதென்று நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். ஜூலை முப்பதாம் தேதி கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். நூலை அறுத்துவிட்டு ஊசியை உதட்டில் கவ்வியிருந்தபோது, முந்தின நாள் நான் சொன்ன வேடிக்கை ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க நானே சிரித்தேன். ஊசி உள்ளே போய்விட்டது.

ஊசியைத் தள்ளிவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பி ஒரு குலை கதலிப்பழம் தின்றேன். நான்காம் நாள் வயிறு செண்டைமேளம் ஆயிற்று. மிஷன் ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் கீறி ஊசியை எடுத்தார்கள். ஒன்பதாம் நம்பர் ஊசி, மச்சான். துருப்பிடிக்கவில்லை. லீலாபாய் அதை வாங்கி வந்து மெஷின் டிராயரில் போட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவாள்.

நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் ஆகஸ்ட் பதினொன்று வந்தது. உங்கள் மலாயாப் பேப்பரிலும் வந்திருக்கும். மலையாள ராஜ்யத்திலுள்ள நம் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கியால் வெடி வைத்தது. அடுத்த வாரம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பித்தான் போடாமல், கட்டுத் தெரிய பஸ்ஸில் வந்து இறங்கினேன். பார்த்தவர்கள் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். கண்டக்டர்கூடக் கைகொடுத்து இறக்கினான். எனக்கு அப்போது எதுவும் விளங்கவில்லை. வயிற்றுக் கட்டைக் கண்டு இரக்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

விளங்கியது செப்டம்பர் ஐந்தாம் தேதி, சபையில். நோயிலிருந்து எழுந்தவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கையோடு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பதும் உபதேசியார் அதைப் பீடத்திலிருந்து வாசிப்பதும் நம் வழக்கம் அல்லவா? ஊசியை விழுங்கினேன், ஆண்டவர் காத்தார் என்று எழுத ஒரு தையற்காரனுக்குக் கை வருமா? பிறகு எவன் என்னிடம் அளவு கொடுப்பான்? வயிற்றில் பட்ட காயத்தினின்று மீட்டதற்காக என்று கௌரவமாக எழுதிக் கொடுத்தேன். உபதேசியார் அதை வாசித்ததும் சபை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. போராட்டக் கமிட்டிச் செயலாளரும், என் கடைக்கு அடுத்த கடையில் குடை ரிப்பேர் செய்கிறவனுமான ரெத்தினதாஸ் எழுந்து நின்றான். அவனைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்து, யாருக்காக நிற்கிறோம் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்காகத்தான். மார்த்தாண்டத்தில் துப்பாக்கி உண்டை வயிற்றில் பட்டவன் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று வைத்தேன். அந்த ஒரு வாரத்துக்குள் சாயாக்கடையில் எனக்கு முதல் கிளாஸ் வந்தது. முடிவெட்டுக் கடையில் என்னை வரிசையில் நிறுத்தவில்லை. நாற்பத்தேழு வயது வரைக்கும் என்னை யாரும் எதற்கும் பெரிய ஆளாக எண்ணியதில்லை, மச்சான். உங்கள் தங்கையைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே நிறுத்திவிட்டு முற்றத்தில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். நின்றாலும் வெகுநேரம் நிற்க முடியவில்லை.

இது இவ்வளவோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சீட்டு வாசித்த அன்றே ஆராதனை முடிந்து உச்சி நேரத்தில் புஷ்பபாய் எங்கள் அடுக்களைப் படிக்கு வந்தாள். காரோடு ஊர்க்காரி. அவள் புருஷன் ராஜையா சைக்கிளில் வாழைக்குலை கட்டி மார்த்தாண்டம் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி குலையை விற்றுவிட்டு ஊர்வலத்தில் சேர்ந்திருக்கிறான். சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கண்ணீர் எல்லாம் வற்றி, முகம் வெளுத்த துணிபோல் இருந்தது. படியில் இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அண்ணா, உண்டை உள்ள கேறினப்போ வலிச்சுதா?”

 எந்தக் கேள்விக்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறவன் நான். இதற்கு இல்லை. ஊசி என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

“இல்ல மக்கா. எறும்பு கடிச்சது போலயாக்கும். பெறவு ஒண்ணும் அறியல்ல.”

 லீலாபாயிடம் வெள்ளம் கேட்டு வாங்கி ஒரு செம்பு முழுக்கக் குடித்தாள். புருஷனை அடக்கம் பண்ணிய நாளுக்குப் பிறகு மகள் அன்றுதான் உட்கார்ந்து சோறு தின்றாள் என்று அவள் அம்மை பிறகு சந்தையில் வைத்து லீலாபாயிடம் சொல்லி அழுதாளாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள். அதே படி, அதே கேள்வி. நானும் பதில் சொல்கிறேன். தையற்காரன் புத்தி, வெறும் துணியில் பூ வைக்காமல் இருக்க முடிகிறதா? ஒரு வாரம் எறும்பு என்பேன், மறுவாரம் கொசு என்பேன், இன்னொரு வாரம் காற்று பட்டதுபோல் என்பேன். இந்தப் போக்கில் போனால் உண்டை உங்களைத் தடவிக் கொடுத்தது என்றும் சொல்வீர்கள் என்று உங்கள் தங்கை குத்திக் காட்டுகிறாள். ஆனால் அவளும் புஷ்பபாயிடம் வாய் திறப்பதில்லை. செம்பில் வெள்ளத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை சபைக்கே புறப்படுகிறாள்.

இப்போது குத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் துணி தைக்கும்போது குனிந்தால் தையல் வடுவில் ஏதோ தடுத்தது. தொட்டுப் பார்த்தேன். காலரில் வைக்கிற கேன்வாஸ்போல விறைப்பாக இருந்தது. ஜனவரியில் அது சுண்டுவிரல் பருமன் ஆயிற்று. இப்போது நெஞ்சுக்குழியிலிருந்து கீழே ஒரு பென்சில் நீளத்துக்குக் கம்பு வைத்துத் தைத்ததுபோல் கிடக்கிறது. மெஷினில் குனிந்தால் ஒரு முனை நெஞ்சில் முட்டும், மறு முனை வயிற்றில் முட்டும். பள்ளிக்கூட உடுப்புகள் வெட்டினபடியே கிடக்கின்றன. லீலாபாய் கேன்சர் என்று பயந்து உபவாசம் இருக்கிறாள். நான், ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊசியை எடுத்துவிட்டு வேறெதையாவது வைத்துவிட்டார்களோ என்று பயப்படுகிறேன். இரண்டு பயமும் ஒரே வீட்டில் கிடந்து புரள்கின்றன.

ரெத்தினதாசுக்கு மட்டும் ஒரு பயமும் இல்லை. ஒரு நாள் என் சட்டையைத் தூக்கி அழுத்திப் பார்த்துவிட்டு, உண்டை உள்ளேயிருந்து மேலே ஏறி வருகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அதன்பிறகு காரோடு, செங்கல், காஞ்சிரங்குளம் என்று ஊர் ஊராக ஆள் வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். வெளியே எடுத்ததும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் ஊர்வலம் போவதாகக் கமிட்டியில் தீர்மானம் ஆகிவிட்டது. பெட்டிக்குள் விரிக்க வெல்வெட் தைக்கும் வேலை எனக்கே.

கமிட்டியை நான் சமாளித்துக்கொள்வேன். போன ஞாயிறு புஷ்பபாய் போகும்போது திரும்பி நின்று, அதை எடுத்ததும் ஒரு தடவை தன் கையில் தர வேண்டும் என்று கேட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒரு வாரமாகத் தூக்கமில்லை. உண்டை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தால் எறும்பும் இல்லை என்று ஆகிவிடும். பிறகு அவள் ராஜையாவை எப்படி நினைத்துப் பார்ப்பாள்?

ஆகையால் மச்சான், நீங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிற டிரெஸ்ஸர். அங்கே காட்டுச் சண்டை நடக்கிறது, வெடி கொண்டவர்கள் வராத வாரம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எடுத்துப் போட்டதில் ஒரே ஒரு உண்டையைப் பஞ்சில் சுற்றி, ஓவல்டின் டப்பாவில் போட்டு எனக்கு அனுப்பித் தர வேண்டும். நசுங்கியிருந்தால் இன்னும் நல்லது. இன்னொன்றும் உண்டு. வெடி கொண்டவர்கள் உங்களிடம் என்ன சொல்கிறார்கள்? வலிக்குமா? உள்ளதை எழுதுங்கள். என் பதிலுக்குத் தோதாக இருந்தால் நிறைய எழுதுங்கள்.

தேவ கிருபை உங்கள் கைகளின்மேல் இருப்பதாக. அந்தக் கைகளில்தான் இப்போது என் மானம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
எலியா.


பாறசாலை,
19-6-1955, ஞாயிறு.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. டப்பா வரவில்லை என்று முதலில் வருத்தப்பட்டேன். அங்கே ஒரு உண்டையைக் கையில் வைத்திருந்தாலே தூக்குத்தண்டனை என்று நீங்கள் எழுதியிருந்ததை வாசித்ததும் லீலாபாய் கடிதத்தைப் பிடுங்கி இரண்டு தடவை படித்தாள். அண்ணனைத் தூக்கில் போடப் பார்த்தீரே என்று இரண்டு நாள் எனக்குச் சோறு மட்டும் வந்தது, குழம்பு வரவில்லை. மன்னியுங்கள். உங்கள் கழுத்தை நான் எண்ணவில்லை, என் வயிற்றைத்தான் எண்ணினேன்.

வயிற்றைக் கீறிய வடுவில் அபூர்வமாக எலும்பு வளர்வது உண்டென்று உங்கள் டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வாசித்தபோது, மலாயாவில் சாராயம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இருந்தாலும் நீங்கள் சொன்னபடி திருவனந்தபுரத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். துணைக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் ரெத்தினதாஸ் கூடவே வந்தான்.

அங்கே மோகனன் என்று ஒரு சின்ன டாக்டர். மலையாளத்துக்காரர், மீசை இப்போதுதான் முளைத்திருக்கிறது. படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவர், இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்ப்பதுபோல் என் வயிற்றைப் பார்த்தார்கள். எலும்புதான், மச்சான். விலா எலும்பு மாதிரி அசல் எலும்பு, உள்ளே மஜ்ஜைகூட இருக்குமாம். கேன்சர் இல்லை, எவரும் எதையும் உள்ளே வைத்துத் தைக்கவும் இல்லை, காயம் ஆறும்போது உடம்பே செய்கிற பிசகு என்றார். மேல்வயிற்றில் நேராகக் கீறிய வடுவில், ஆண்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி வருமாம். எனக்குப் புரிகிற மாதிரி நானே சொல்லிக்கொண்டேன்: கிழிந்த இடத்தை மூட்டச் சொன்னால் என் உடம்பு உள்ளே ஒரு பட்டை வைத்துத் தைத்திருக்கிறது. கூலி வாங்காமல் அதிக வேலை செய்யும் கெட்ட குணம் அதற்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அங்கேயே, படிக்கட்டில் வைத்து ரெத்தினதாசிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊசியையும் சொன்னேன். அவன் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினான்.

“எனக்கு மனசிலாச்சு அண்ணாச்சி. மலையாளத்து டாக்டர் உண்டைய எலும்புண்ணுதான் சொல்லுவான். நீங்க போலீசுக்குப் பயந்து ஊசிண்ணு சொல்லுதிய. நல்ல யோசனையாக்கும்.”

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், தியாகி எலியாவின் உண்டையை எலும்பாக மாற்றும் சதியைக் கண்டிப்பதாகத் தீர்மானம். நான் எழுந்து மறுத்தேன். பலமாகக் கை தட்டினார்கள். உண்மையைச் சொல்லி இவ்வளவு கைதட்டு வாங்கியவன் இந்தத் தாலுகாவில் வேறு யாரும் இல்லை. டாக்டர் மோகனனுக்கு ஒரு மொட்டைக் கடிதமும் போயிருக்கிறது. அவர் அதை என்னிடமே காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே என்றார். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று ஊரார் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

ஆப்பரேஷன் அக்டோபரில் என்று வைத்திருக்கிறது. எலும்பு முற்றி வளர்ச்சி நின்ற பிறகு எடுத்தால்தான் திரும்ப வராது என்கிறார். அதுவரை நின்றே தைக்கிறேன். மெஷினுக்குக் கீழே நான்கு பலகை வைத்து உயர்த்தி, ஒற்றைக் காலால் மிதிக்கிறேன். பார்க்கிறவர்கள் கொக்கு தைக்கிறது என்கிறார்கள். இதற்கு முன் இதை நான் அல்லவா வேறொருவனைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்?

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் லீலாபாய் கையில் படாமல் நான் முன்பே எடுத்து ஒளித்துவிட்டேன். நீங்கள் இதுவரை பதினொரு பேருக்கு உண்டை எடுத்ததாகவும், பிழைத்தவர்கள் எல்லாரும் வலித்தது என்றே சொன்னதாகவும், செத்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அழுக்கை எடுக்காமல் காயத்தை மூடினால் உள்ளே சீழ் பிடிக்கும், அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் வார்த்தை நியாயம். முப்பது வருஷம் காயம் கழுவின கை. ஆனால் நீங்கள் அந்தப் படியில் அவள் இருப்பதைப் பார்க்கவில்லை.

போன ஞாயிறும் கேட்டாள். நான் சொல்லத்தான் போனேன். செம்பை உதட்டில் வைத்துக்கொண்டு என் பதிலுக்காக நின்றாள், மச்சான். குடிக்காமல் நின்றாள். காற்று பட்டது போலத்தான் என்றேன். பிறகு குடித்தாள்.

இப்போது சபை மணி அடிக்கிறது. நான் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. எனக்குத் தைரியம் உண்டாக நீங்கள் ஜெபிக்க வேண்டும். ஜெபத்தைத் தபாலில் அனுப்புவதற்குத் தூக்குத்தண்டனை இல்லை அல்லவா?

இப்படிக்கு,
எலியா.


பாறசாலை,
30-10-1955, ஞாயிறு.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உயிரோடு இருக்கிறேன். மூன்றாம் தேதி எலும்பை எடுத்தார்கள். டாக்டர் மோகனன் அதைக் கழுவி ஒரு மருந்துக் குப்பியில் போட்டுத் தந்தார். சுண்டுவிரல் பருமன், பென்சில் நீளம், ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கிறது. தன் புஸ்தகத்தில்கூட இவ்வளவு பெரிதாக ஒன்றைப் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கண்ணாடிப் பெட்டியோடு ரெத்தினதாஸ் நிற்பான் என்று பயந்து கிடந்தேன். அவன் வந்தது எட்டாம் நாள். கையில் பெட்டி இல்லை, பேப்பர்தான் இருந்தது. எல்லை பிரிக்க வந்த டில்லிக் கமிஷன் ரிப்போர்ட் வெளியாகிவிட்டது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம், செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு. நம் நெய்யாற்றின்கரை மலையாளத்துக்கு. இஞ்சிவிளையைத் தாண்டினால் அங்கே தமிழ்நாடு, இங்கே நாம். கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு அவன் அழுதான். குடைக்காரன் அழுது நான் பார்த்ததில்லை. உண்டை என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை. குப்பி அவன் முழங்கையருகில் மேஜைமேல் இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேப்பரை விரித்தான். ஒரு வருஷம் என்னைத் தூங்கவிடாமல் செய்த விவகாரம் ஒரு நிமிஷத்தில் ஊரைவிட்டே போய்விட்டது. வெல்வெட்டை நான் சாயாக்கடைக்காரன் மகள் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

புஷ்பபாய் மட்டும் மிச்சம் இருந்தாள்.

போன ஞாயிறு வந்தாள். லீலாபாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளத்தை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை அன்று காலையில்தான் ஐந்தாவது தடவையாக வாசித்திருந்தேன். அவள் கேட்பதற்கு முன்னாலேயே குப்பியைத் திறந்து அவள் கையில் எலும்பை வைத்தேன். இதுதான் மக்கா, வேறொன்றும் உள்ளே இல்லை, இருந்ததும் இல்லை என்றேன். ஊசியைச் சொன்னேன். சீட்டு எழுதியதைச் சொன்னேன். அன்றைக்கு நான் மார்த்தாண்டத்தில் இல்லை, ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். இடையில் ஒரு வேடிக்கைகூடச் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயதில் அது எனக்கு முதல் தடவை.

அவள் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபப்படுவாள், முகத்தில் எறிவாள் என்று காத்திருந்தேன். எறியவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடினாள், திறந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ வலிக்காதுண்ணு நீங்க சொன்னது?”

“எனக்குத் தெரியாது மக்கா.”

அவ்வளவுதான் பேச்சு. எலும்பைக் குப்பிக்குள் போட்டு, மூடியைத் திருகி, படியில் வைத்தாள். செம்பை எடுக்கவில்லை. எப்போதும் வாறேன் அண்ணா என்று சொல்லிவிட்டுப் போகிறவள், அன்று சொல்லாமல் போனாள். நிறைந்தபடி கிடந்த செம்பை லீலாபாய் வாழை மூட்டில் கவிழ்த்தாள். 

நீங்கள் சொன்னபடிதான் செய்தேன், மச்சான். காயத்தைத் திறந்துவிட்டேன். இனிக் கழுவுவது எப்படி என்று நீங்கள் எழுதவில்லையே? ஏழு நாளாக ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. குனிய முடிகிறது, உட்கார முடிகிறது, மெஷினைப் பழையபடி இறக்கி வைத்தாயிற்று, இருந்தும் நின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன். அந்தக் கம்பு இருந்தபோது நிற்பதற்கு ஒரு காரணமாவது இருந்தது.

ஆராதனை முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. புஷ்பபாய் சபைக்கு வந்திருந்தாள், பின் பெஞ்சில் இருந்தாள். ஆசீர்வாதம் கூறுமுன்பே எழுந்து போய்விட்டாள். லீலாபாய் செம்பில் வெள்ளம் எடுத்துப் படியில் வைத்திருக்கிறாள். அதன்மேல் ஒரு இலையும் மூடி வைத்திருக்கிறாள். நான் மூன்று தடவை வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீங்கள் பெரியவர். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரின் தலைமாட்டில் நின்று ஜெபித்தவர். அவள் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம் பண்ணுங்கள். அவள் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனாலும் போதும். அவள் வந்து அந்த வெள்ளத்தைக் குடிக்க வேண்டும். உங்களையும் உங்கள் கைகளையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
எலியா.

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது ரெத்தினதாஸ் சட்டைப் பித்தான் ஒன்று வைக்க வந்தான். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். போன வருஷம் ராஜையாவை அடக்கம் பண்ணிய மூன்றாம் வாரம், புஷ்பபாய் கேட்டுக்கொண்டதால், மார்த்தாண்டத்தில் வெடி கொண்டு பிழைத்த ஐந்து பேரின் வீட்டுக்கும் அவன்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனானாம். ஒவ்வொருவரிடமும் அவள் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டாளாம். ஐந்து பேரும் தீக்கொள்ளி செருகியதுபோல் இருந்தது என்றே சொன்னார்களாம். அது ஒரு சனிக்கிழமை. மறுநாள்தான் உபதேசியார் சபையில் என் சீட்டை வாசித்தார், அவள் ஆறாவது ஆளாக என்னிடம் கேட்க வந்தாள்.